டெம்பே குற்றமற்றது

1

“அதை அந்தப் பக்கம் தள்ளி வை. வாசனையே ஒத்துக்கல.”

“ஒத்துக்கலையா? நேத்து வரைக்கும் நாலு துண்டு கேட்டு வாங்கித் தின்ன வாய்தானே இது.”

“நேத்து தெரியாது. இன்னைக்குத் தெரியும்.”

“என்னடா தெரியும்?”

“சோயா தின்னா ஆம்பளைக்குப் பொம்பளை ஹார்மோன் ஏறுமாம்மா. மாரு வருமாம். குரல் இளகிப் போயிடுமாம். அமெரிக்காக்காரன் வீடியோவுல சொல்றான், நெஞ்சு இப்படி இருக்கு அவனுக்கு.”

“உங்கப்பன் சாகுற வரைக்கும் மூணு வேளையும் இதைத்தான் தின்னான். உன்னோட சேர்த்து அஞ்சு பெத்தான். அவனுக்கு எங்கடா வந்துச்சு மாரு?”

“அந்தக் காலம் வேறம்மா.”

“வேறதான். அப்போ பெத்தாங்க.”

கடைசி வார்த்தையைச் சொல்லும்போது அந்த அம்மாள் மகனைப் பார்க்கவில்லை. எண்ணெய்ச் சட்டியின் முன்னால் நின்றிருந்த மருமகளின் முதுகைப் பார்த்தாள்.

இந்தக் கதை அங்கேதான் எனக்குக் கிடைத்தது. நான் கதை தேடிப் போகவில்லை, டெம்பே வாங்கப் போனேன். ஜாவாவின் மாலாங் நகரத்தில், வீட்டுக்கு வீடு டெம்பே செய்யும் ஒரு சந்தில் நான்கு வருடமாகக் குடியிருக்கிறேன். வேகவைத்த சோயாப் பயறில் வெள்ளைப் பூஞ்சை படரவிட்டுக் கட்டியாக்குவார்கள், அதுதான் டெம்பே. இங்கே அதைச் சாப்பிடாத ஆண் என்றால் அவனுக்குக் காய்ச்சல் என்று அர்த்தம். அதனால்தான் மகன் ஜத்மிகோ தட்டைத் தள்ளிவைத்த அந்தக் காலை எனக்கு மறக்கவில்லை. பொரித்த டெம்பேயைத் தாளில் சுற்றிக் கையில் கொடுத்தபோது மருமகள் சுமிரா என்னைப் பார்த்துச் சிரித்தாள். வேறு என்ன செய்வது என்று தெரியாதவர்கள் சிரிக்கும் சிரிப்பு.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: “ஆறு வருடங்களாக அந்த வீட்டில் பயறு மட்டுமே முளைத்துக்கொண்டிரு—”

நிறுத்திவிட்டேன். டெம்பேக்குப் பயறு முளைக்கவைப்பதில்லை. உவமை நன்றாக இருக்கிறதே என்பதற்காக ஒரு பொய்.

பிறகு இப்படி: “பாயினெம் ஒரு கொடுமைக்கார—”

இதையும் அடித்துவிட்டேன். மாமியார் பாயினெம் கொடுமைக்காரி இல்லை. மீன் குழம்பு வைத்தால் தலையை மருமகளுக்குத்தான் போடுவாள். சுமிராவின் அப்பா செத்தபோது ஏழு நாள் சடங்குக்கும் சமையல் இவள்தான். இவளைக் கெட்டவளாக எழுதிவிட்டால் எனக்கு வேலை சுலபம், உங்களுக்கும் சுலபம். அதனாலேயே எழுதவில்லை.

ஆகவே அலங்காரம் இல்லாமல் சொல்கிறேன். சுமிராவுக்கு முப்பத்தொன்று. ஜத்மிகோவுக்கு முப்பத்துநான்கு. கல்யாணமாகி ஆறு வருடம், குழந்தை இல்லை. ரம்ஜான் பெருநாளுக்கு வீடு வீடாகப் போய் மூத்தவர்களின் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்கும் வழக்கம் இங்கே உண்டு. ஒவ்வொரு வீட்டிலும் சுமிராவை மன்னித்துவிட்டு அவள் வயிற்றைப் பார்த்து ஒரு கேள்வி கேட்பார்கள். நம் ஊரில் “விசேஷம் ஏதாவது உண்டா?” என்போம். இவர்கள் இன்னும் நேராக, “நிரம்பிடுச்சா?” என்பார்கள். தண்ணீர்க் குடத்தைக் கேட்பது மாதிரி.

[ஒரு குறிப்பு. சுமிரா தன் கணவனை “அண்ணா” என்று பொருள்படும் சொல்லால்தான் கூப்பிடுகிறாள். இந்தத் தீவின் மனைவிகள் எல்லோரும் அப்படித்தான். அதை அப்படியே எழுதினால் நீங்கள் வேறு ஏதோ கதைக்குள் போய்விடுவீர்கள். ஆகவே “ஏங்க” என்று போட்டிருக்கிறேன்.]

3

ஆறு வருடத்தில் சுமிராவுக்கு நடந்தவை. ரத்தப் பரிசோதனை, நான்கு முறை. ஸ்கேன், எத்தனை முறை என்று அவளுக்கே நினைவில்லை. கருக்குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று மருந்து செலுத்தி எடுத்த படம் ஒன்று. அன்றைக்குத் திரும்பி வரும்போது மாமியாரின் தோளில் சாய்ந்து அழுதாள். மாமியாரும் அழுதாள். பிறகு கருப்பை இடம் மாறியிருக்கும் என்று சொல்லி, வயிற்றைப் பிசைந்து மேலே ஏற்றிவிடும் கிழவியிடம் இரண்டு முறை. மஞ்சள் கஷாயம், வெற்றிலைக் கஷாயம், பெயர் சொல்லாமல் கொடுத்த கஷாயம். எல்லா டாக்டர்களும் ஒன்றையே சொன்னார்கள்: உங்களிடம் குறை எதுவும் தெரியவில்லை, கணவரை அனுப்புங்கள்.

ஆறு வருடத்தில் ஜத்மிகோவுக்கு நடந்தவை.

(இந்த இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். அச்சுப் பிழை அல்ல.)

4

தட்டைத் தள்ளிவைத்த அதே மாதம் ஜத்மிகோ ஜிம்முக்குப் போக ஆரம்பித்தான். அங்கே பயிற்சி கொடுப்பவன் பெயர் பகாஸ். இந்தப் பாத்திரத்தின் மேல் எனக்குச் சந்தேகம் உண்டு. ரொம்ப வசதியாக வந்து நிற்கிறான். தோள் இத்தனை அகலம், பல் இத்தனை வெள்ளை, தன்மேல் இத்தனை நம்பிக்கை. கதைக்கு ஒரு வில்லன் தேவைப்பட்டதும் நானே பிடித்துப்போட்டவன் மாதிரி இருக்கிறான். ஆனால் இருக்கிறான். என்ன செய்ய.

ஒருநாள் மதியம் சாப்பாட்டு டப்பாவோடு சுமிரா அங்கே போனாள். பகாஸ் டப்பாவைத் திறந்து பார்த்தான்.

“அக்கா, இது என்ன, டெம்பேயா? இவரு ஒரு மாசமா இரும்பு தூக்குறதை நீங்க ஒரு டப்பாவுல கரைச்சிடுவீங்க போலிருக்கே.”

“அது எனக்கு. அவருக்குக் கீழ்த் தட்டுல கோழி.”

“நீங்க தாராளமா சாப்பிடலாம். உங்களுக்கு நல்லதுதான். பொம்பளைங்க சாப்பாடு அது.”

“உங்கம்மா உனக்கு என்ன குடுத்து வளத்தாங்க தம்பி?”

“எங்க வீட்லயும் அதான். அதனாலதான் பதினெட்டு வயசு வரைக்கும் குச்சியா இருந்தேன்.”

“உலகத்துல எல்லாரும் பதினெட்டு வயசு வரைக்கும் குச்சிதான்.”

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். ஜத்மிகோ சிரிக்கவில்லை. வீட்டுக்கு வரும் வழியில் வண்டியை நிறுத்தி, “இனிமே அங்க வராதே,” என்றான். அவ்வளவுதான்.

இதன் காரம் நமக்குச் சட்டென்று உறைக்காது. இந்த நாட்டில் கோழையைத் திட்ட “டெம்பே மனசுக்காரன்” என்பார்கள். மலிவானது, மெத்தென்றிருப்பது, கையால் பிய்த்தால் பிய்ந்துவிடுவது. ஜத்மிகோ பள்ளிக்கூடத்தில் அந்தத் திட்டை டெம்பேக்காரி மகன் என்பதால் இரண்டு மடங்காக வாங்கியவன். பிள்ளை இல்லாத ஆறு வருடத்தில் சந்து முனையில் யாரும் அதைச் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்ததைத்தான் அவன் தினமும் கேட்டுக்கொண்டிருந்தான். இப்போது அமெரிக்காவிலிருந்து ஒருவன் வந்து, திட்டாக இருந்ததை விஞ்ஞானம் என்கிறான்.

(பயறும் அமெரிக்காவிலிருந்துதான் வருகிறது. மூட்டையில் அச்சடித்திருக்கிறது. பயமும் பயறும் ஒரே திசையிலிருந்து வந்து இறங்குகின்றன. பயறை மட்டும்தான் இவர்கள் கழுவி, ஊறவைத்து, வேகவைக்கிறார்கள்.)

எட்டு மாதத்தில் ஜத்மிகோவின் சட்டைகள் எல்லாம் இறுகிப்போயின. குரல் தடித்தது. முதுகு முழுக்கச் சிவப்புக் கொப்புளம். கோபம் சீக்கிரம் வந்தது, ஆசையும் சீக்கிரம் வந்தது. பாயினெம் சந்தில் போகிறவர்களை நிறுத்தி, “என் மகனைப் பாருங்க, இப்பத்தான் ஆம்பளை மாதிரி இருக்கான்,” என்றாள். அப்படியென்றால் அதற்கு முன்னால் எப்படி இருந்தான் என்று யாரும் கேட்கவில்லை. அவன் மட்டும் கேட்டிருப்பான், உள்ளுக்குள்.

5

அந்த உடம்புதான் அவனை டாக்டரிடம் போகவைத்தது. சுமிரா ஆறு வருடம் கேட்டும் வராதவன், கண்ணாடி முன்னால் நின்றபடியே, “சரி, வா, போய்க் குடுத்துட்டு வந்துடலாம். இப்ப எனக்கு என்ன பயம்,” என்றான்.

டாக்டர் ரெத்னோ நடுவயதுக்காரி. விந்துப் பரிசோதனைக் காகிதத்தை இரண்டு முறை பார்த்தாள். பிறகு ரத்தமும் எடுக்கச் சொன்னாள். ஒரு வாரம் கழித்து இருவரையும் உட்காரவைத்தாள்.

“விந்துல உயிரணு ஒண்ணுகூட இல்ல. கம்மின்னு சொல்லல. இல்ல.”

ஜத்மிகோ காகிதத்தை எட்டிப் பார்த்தான்.

“ஆனா ரத்தத்துல ஆண் ஹார்மோன் சராசரியைவிட ரெண்டு மடங்குக்கு மேல இருக்கு. மூளையிலிருந்து கீழ போற உத்தரவு சுத்தமா நின்னுபோயிருக்கு. ரெண்டும் சேர்ந்து வந்தா நான் ஒரே கேள்விதான் கேட்பேன். என்ன ஊசி போடறீங்க?”

“ஊசியெல்லாம் இல்ல.”

“சார், நான் போலீஸ் இல்ல.”

“விட்டமின்தான். ஜிம்ல குடுப்பாங்க. வாரத்துக்கு ஒண்ணு.”

டாக்டர் பேனாவை மூடினாள். “அது விட்டமின் இல்ல. ஹார்மோன் வெளியிலிருந்து வந்துட்டே இருந்தா, உள்ள இருக்குற பட்டறை வேலையை நிறுத்திடும். ஊசியை நிறுத்துங்க. பெரும்பாலும் திரும்பிடும். ஆறு மாசம் ஆகலாம், ஒரு வருஷமும் அதுக்கு மேலயும் ஆகலாம். சிலருக்குத் திரும்பாது. நான் சத்தியம் பண்ணித் தரமுடியாது.”

“முன்னாடி எப்படி இருந்துச்சுன்னு பார்த்தா தெரியுமா டாக்டர்?” என்று சுமிரா கேட்டாள். “ஊசிக்கு முன்னாடி?”

“அப்போ எடுத்த ரிப்போர்ட் இருக்கா?”

இல்லை. 3-ஆம் பகுதியில் காலியாக விட்ட இடம் இதுதான். ஊசிக்கு முன்னால் ஜத்மிகோ எப்படி இருந்தான், குறை அவனிடம்தான் இருந்ததா, இல்லை யாரிடமும் இல்லாமலேயே ஆறு வருடம் போனதா, இனி யாருக்கும் தெரியாது. கதையை எழுதுகிறவனுக்கு எல்லாம் தெரியும் என்பார்கள். எனக்குத் தெரியாது. ஒரு வாக்கியத்தில் தீர்த்துவைத்துவிடலாம். மனசு வரவில்லை.

வெளியே வண்டி நிறுத்துமிடத்தில் ஜத்மிகோ ஹெல்மெட்டைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான்.

“முப்பது வருஷமா தின்ன டெம்பே. அதான் அடியில உக்காந்துருக்கு.”

“டாக்டர் டெம்பேன்னு ஒரு வார்த்தை சொல்லலையே.”

“அவங்களுக்கு என்ன தெரியும். அம்மாகிட்ட ஊசியைப் பத்திப் பேசாதே, சுமி. நான் பாத்துக்கறேன்.”

அவள் தலையாட்டினாள். ஏன் ஆட்டினாள் என்று பிற்பாடு என்னிடம் மூன்று காரணம் சொன்னாள். மூன்றும் வேறு வேறு. எதையும் இங்கே எழுதவில்லை.

6

அவன் பார்த்துக்கொண்டது இப்படி. வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம், “டாக்டர் பார்த்தாச்சு. டெம்பேனாலதான்,” என்றான்.

பாயினெம் நாற்பது வருடமாக ஒருநாள் விடாமல் பயறு வேகவைத்தவள். காய்ச்சலிலும் பிரசவத்துக்கு மறுவாரத்திலும் வேகவைத்தவள். அன்றைக்கு அடுப்பை அணைத்தாள். அன்றிலிருந்து அந்த வீட்டில் நீராவி வரவில்லை. ஊறிய பயறு டிரம்மில் கிடந்து புளித்து நாறியது. வாடிக்கைக்காரர்கள் வந்து திரும்பிப் போனார்கள். ஒருத்தி மட்டும், “யாராவது செத்துட்டாங்களா?” என்று என்னிடம் கேட்டாள்.

நான்காம் நாள் பாயினெம் என் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

“நீ படிக்கிற ஆளு. நிசத்தைச் சொல்லு. என் கையால குடுத்தது என் மகனைக் கெடுத்துடுச்சா?”

அப்போது எனக்கு ஊசி விஷயம் தெரியாது. அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் உட்கார்ந்து இரண்டு நாள் படித்தேன். படித்ததை அவளுக்குப் புரிகிற மாதிரி சொன்னேன். உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். கதை இந்த இடத்தில் கொஞ்சம் கட்டுரையாகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சோயாவில் ஒரு பொருள் இருக்கிறது. அதன் வடிவம் பெண் ஹார்மோனின் வடிவத்துக்குக் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கும். வம்பு முழுக்க அந்தக் “கிட்டத்தட்ட”விலிருந்து கிளம்புகிறது. உடம்புக்குள் அது ஹார்மோன் மாதிரி முழுதாக வேலை செய்வதில்லை. சில இடத்தில் லேசாக ஒட்டும், சில இடத்தில் வழியை மறித்து நிற்கும். ஆண்களுக்கு வாரக்கணக்கில், மாதக்கணக்கில் சோயா கொடுத்து ரத்தத்தை அளந்த ஆய்வுகள் நிறைய உண்டு. அவற்றையெல்லாம் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தவர்களும் உண்டு. ஆண் ஹார்மோன் குறையவில்லை, பெண் ஹார்மோன் ஏறவில்லை. தினமும் லிட்டர் கணக்கில் சோயாப் பால் குடித்த ஓரிருவருக்கு மார்பு வீங்கியதாகப் பதிவு இருக்கிறது. நிறுத்தியதும் வீக்கம் வடிந்துவிட்டது. அந்த அளவுக்கு எதைக் குடித்தாலும் உடம்பு ஏதாவது ஒன்று சொல்லும்.

இவ்வளவையும் சொல்லிவிட்டு, “இந்தத் தீவுல எத்தனை கோடி ஜனம் இருக்கு, எல்லாரும் என்ன தின்னு பொறந்தாங்க?” என்றும் கேட்டேன். அந்தக் கடைசி வரியைப் பற்றி எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

பாயினெம் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“அப்போ என் டெம்பே மேல தப்பில்ல.”

“இல்லம்மா.”

“நிச்சயமா?”

“நிச்சயமா.”

“சரி.” எழுந்து இடுப்புத் துணியை உதறிக் கட்டினாள். “அப்போ யார் மேலன்னு தெரிஞ்சுபோச்சு.”

அரை மணி நேரத்தில் அந்த வீட்டுக் கூரையிலிருந்து நீராவி கிளம்பியது. நான் வாசலிலேயே நின்றிருந்தேன். என் வாதத்தில் ஒரு பிழையும் இல்லை. ஒவ்வொரு வரியும் உண்மை. ஜத்மிகோ நிறுத்திய குற்றவாளிக் கூண்டில் இரண்டு பேர் இருந்தார்கள். ஒன்றை நான் விடுதலை செய்து அனுப்பிவிட்டேன்.

7

பிளிதார் என்ற ஊரில் பாயினெமின் தூரத்து உறவில் ஒரு விதவை இருக்கிறாள். இரண்டு குழந்தைகள். “பெத்து நிரூபிச்சவ,” என்றாள் பாயினெம். சுமிராவை அனுப்பிவிடும் எண்ணம் அவளுக்கு இல்லை. “நீ இங்கயேதான் இருக்கணும், பொண்ணே. நீ என் மகதான். அவளும் ஒரு ஓரமா இருந்துட்டுப் போறா,” என்று சொல்லி, சுமிராவின் தலையைக் கோதினாள். உண்மையான பாசத்தோடுதான் கோதினாள். அதை எழுதத்தான் எனக்குக் கை கூசுகிறது.

இரண்டாம் கல்யாணத்துக்குக் கோர்ட் அனுமதி வேண்டும். அதற்கு முதல் மனைவியின் சம்மதக் கடிதம் வேண்டும். சந்துத் தலைவரின் மகள் அதைக் கம்ப்யூட்டரில் அடித்துக் கொண்டுவந்தாள். மூன்று வரி. நடு வரி இது: “என்னால் குழந்தை பெற இயலாத காரணத்தால், என் முழு மனதோடு.”

இந்தக் கதையில் நான் எத்தனையோ மாற்றியிருக்கிறேன். பெயர்கள், வயது, வண்டியின் நிறம். அந்த வரியில் மட்டும் கைவைக்கவில்லை. அவ்வளவு பச்சைப் பொய் எனக்கு எழுத வராது.

அன்றைக்குத்தான் சுமிரா என்னிடம் வந்து எல்லாவற்றையும் சொன்னாள். ஊசி, டாக்டர், வண்டி நிறுத்துமிடம். நான் டெம்பேயைக் காப்பாற்றியதைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

“நான் போய் உங்க அத்தைகிட்டச் சொல்றேன்,” என்றேன்.

“வேணாம். நீங்க ஏற்கெனவே ஒருதடவை சொல்லிட்டீங்க.”

8

முடிவுகள்.

ஒன்று: ஜத்மிகோ ஊசியை நிறுத்துகிறான். பதினான்கு மாதம் கழித்து சுமிரா குமட்டலோடு எழுந்து— இல்லை. இதை எழுதினால் அந்த ஆறு வருடம் எல்லோருக்கும் மறந்துபோகும். பிள்ளை பிறந்தால்தான் அவள் நிரபராதி என்று நானும் கையெழுத்துப் போட்டதாகிவிடும்.

இரண்டு: சுமிரா பையைத் தூக்கிக்கொண்டு சுரபாயா பஸ் ஏறுகிறாள். ஜன்னலோரம், காற்று, முகத்தில் ஒரு— இதை வாசிக்க உங்களுக்குப் பிடிக்கும், எனக்கும் பிடிக்கும். அவளிடம் சொன்னேன். “பஸ் ஏறி?” என்று கேட்டாள். “இறங்கி எங்க போகட்டும்?” வாக்கியத்தை அங்கேயே விட்டுவிட்டேன்.

மூன்று: சுமிராவே மாமியாரிடம் உண்மையைச் சொல்கிறாள். இது கற்பனை இல்லை, நடந்தது. பாயினெம் பொறுமையாகக் கேட்டாள். பிறகு, “முதல்ல டெம்பேன்னு சொன்னீங்க. அது இல்லன்னு ஆச்சு. இப்ப ஊசியா? மலை மாதிரி நிக்கிறான் என் புள்ள, அவனைப் போய்,” என்றாள். அவன் பொய் சொன்னதில் இவளுடைய உண்மை செல்லாமல் போயிற்று.

நான்காவது முடிவு எழுதவில்லை. அதற்கு வேண்டிய வாக்கியம் என்னிடம் இல்லை, சுமிராவிடமும் இல்லை. ஒரே ஒரு ஆளிடம் இருக்கிறது. நான் இங்கே நிறுத்திக்கொள்கிறேன். நீங்கள் அவனைப் பார்த்துக்கொண்டிருங்கள்.

9

வெள்ளிக்கிழமை, காலை ஒன்பது மணி. முன்கூடத்தில் ஜத்மிகோவும் சுமிராவும் தரையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவன் பிளாஸ்டிக் பைகளில் பயறை நிரப்பி ஓரத்தை ஒட்டுகிறான். அவள் ஆணி பதித்த கட்டையால் ஒவ்வொரு பையிலும் குத்தித் துளை போடுகிறாள். துளை இல்லாவிட்டால் உள்ளே பூஞ்சை மூச்சு முட்டிச் செத்துவிடும். உள்ளறையில் பாயினெம் போனில் பிளிதாருடன் பேசிக்கொண்டிருக்கிறாள். பெருநாள் கழித்து எந்த வாரம் என்பதுதான் பேச்சு. சம்மதக் கடிதம் சுமிராவின் முழங்காலுக்குப் பக்கத்தில், பறக்காமலிருக்க ஒரு பயறுப் பையின் கீழே இருக்கிறது. மேலே பேனா.

“ஏங்க.”

அவன் ஒட்டிக்கொண்டிருந்தான்.

“ஊசின்னு சொல்ல வேணாம். டாக்டர் சொன்னதையும் சொல்ல வேணாம். உங்க மேலதான் தப்புன்னுகூட நான் சொல்லச் சொல்லல, அது யாருக்குத் தெரியும்.”

உள்ளே பாயினெம் சிரிக்கும் சத்தம் கேட்டது. தேதி அமைந்துவிட்டது போலிருக்கிறது.

“அத்தை போனை வைக்கிறதுக்குள்ள உள்ள போங்க. ‘அவ மேல தப்பில்லம்மா.’ அவ்வளவுதான். அதை மட்டும் ஒருதடவை உங்க வாயால சொல்லிட்டு வாங்க.”